பஸ் ஸ்டாப்பில் யாருமில்லை என்று எழுதினேன்

ரோட்டோரம் நின்று, போகிற வண்டியையும் வருகிற ஆளையும் எண்ணுவதுதான் என் தொழில். அடையாள அட்டையில் ‘டிராபிக் சர்வே சூப்பர்வைசர்’ என்று போட்டிருக்கிறது. என் மாமியார் அதை “வெயில்ல உட்கார்ந்து கோடு போடற வேலை” என்பார். இரண்டுமே சரிதான்.

எங்கே பஸ் விடுவது, எந்தத் தெருவை ஒன்வே ஆக்குவது என்று முடிவெடுப்பவர்கள் வேறு. அவர்களுக்கு ஏசி அறையும் சுவர் நிறைய மேப்பும் உண்டு. அந்த மேப்பில் போடுகிற எண்கள் மட்டும் எங்களிடமிருந்து போகின்றன. நீங்களும் பெங்களூரில் ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நின்று, இந்த ரூட்டை எந்த மகராசன் போட்டான் என்று வாய்விட்டுத் திட்டியிருப்பீர்கள். அந்த மகராசனுக்குக் கணக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். திட்டியதில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டும். இத்தனைக்கும் நானும் தினம் பஸ்ஸில் போகிறவள்தான், அடுகோடியில் பிறந்து அடுகோடியிலேயே வாக்கப்பட்டவள். ஆகவே திட்டுவதிலும் எனக்குப் பங்கு இருக்கிறது.

இங்கே சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு பஸ்ஸைச் சுற்றி நடந்தவை. தொம்மலூரின் பழைய கிராமத் தெருக்களுக்குள் புகுந்து, வளைந்து வெளியேறி, அடுகோடி வரைக்கும் வந்துகொண்டிருந்த சின்ன பஸ் அது.

எந்தக் கட்டத்தில் போடுவது

எங்கள் தாளில் பஸ், லாரி, கார், ஆட்டோ, டூ வீலர், சைக்கிள், மற்றவை என்று கட்டங்கள் இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு கோடு. நாலு கோடு நின்றால் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். என்னோடு எண்ண வருபவர் நயாஸ். சிவாஜிநகர் ஆள். வீட்டில் உருது பேசுவார், ரோட்டில் தமிழ் பேசுவார், போலீஸ்காரரைப் பார்த்தால் கன்னடம் தானாக வந்துவிடும்.

தொம்மலூர் முனையில் எண்ண ஆரம்பித்த முதல் காலை, இரண்டு ஆட்டோக்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. முன்னால் வந்தது ரிப்பேர். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒற்றைக் காலை நீட்டி அதை உதைத்துத் தள்ளிக்கொண்டே தன் வண்டியை ஓட்டினார். ரிப்பேரான ஆட்டோவுக்குள் சட்டையை உள்ளே விட்ட ஒருவர் செல்போனைப் பார்த்தபடி சவாரி போய்க்கொண்டிருந்தார். நான் பேனாவைத் தூக்கியபடியே நின்றுவிட்டேன். ஒரு கோடா, இரண்டு கோடா? முதலாவதற்கு எஞ்சினே ஓடவில்லை. நயாஸிடம் கேட்டேன். அவர் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“உள்ள ஒருத்தர் நிம்மதியா உட்கார்ந்திருக்காரு இல்ல, அப்போ அது வண்டிதான் ரேவதி. ஓடுதா இல்லையான்னு பார்த்தா இந்த ஊர்ல எதையுமே எண்ண முடியாது.”

பயணத்தின் நோக்கம்

வண்டி எண்ணிய பிறகு பஸ்ஸுக்குள் ஏறிக் கேள்வி கேட்க வேண்டும். எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்குவீர்கள், வாரத்தில் எத்தனை நாள் போகிறீர்கள், பயணத்தின் நோக்கம் என்ன. பெயரைக் கேட்டாலே ஜனங்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு அம்மா, நான் ஏதோ வரன் பார்க்க வந்தவள் என்று நினைத்து, தன் பெண்ணின் படிப்பு, நட்சத்திரம் எல்லாம் சொல்லி, தாளில் எழுதிக்கொண்டேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

அந்தச் சின்ன பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பெரியவர் தினமும் இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ரிடையரானவர். காலையில் ஏறி அடுகோடி வரை வருவார். இறங்க மாட்டார். அதே பஸ்ஸில் திரும்பிப் போவார். மூன்றாவது நாள் அவரிடம் தாளை நீட்டினேன். வேலை, படிப்பு, மருத்துவமனை, கடை, உறவினர் வீடு என்று ஐந்து நோக்கம் அச்சடித்திருந்தது. ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார், பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல எதுவும் இல்லம்மா. வீட்டுல சும்மா உட்கார்ந்தா ஏன் உட்கார்ந்திருக்கேன்னு கேக்கறாங்க. இங்க பாஸ் இருக்கான்னு மட்டும்தான் கேக்கறாங்க.”

நிழற்குடை

கிராமத்துத் தெரு முனையில் அழகான நிழற்குடை ஒன்று கட்டியிருந்தார்கள். ஸ்டீல் பெஞ்சு, கூரை, ஊர்ப் பெயர் எழுதிய பலகை எல்லாம் உண்டு. பஸ் மட்டும் அங்கே நிற்காது. ஐம்பதடி தள்ளி, பெட்டிக்கடைப் பக்கத்தில் நிற்கும். டிரைவர் மல்லப்பா வடகர்நாடகத்துக்காரர். ஏன் நிழற்குடையில் நிறுத்துவதில்லை என்று கேட்டேன். ஜனங்கள் அங்கே நிற்பதில்லையே என்றார். ஜனங்களைக் கேட்டேன். பஸ் அங்கே நிற்பதில்லையே என்றார்கள். இது எத்தனை வருடமாக நடக்கிறது என்று இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

எனக்கு வந்த சிக்கல் வேறு. மேப்பில் ஸ்டாப் என்று குறித்திருந்தது நிழற்குடையைத்தான். அதற்குள் நின்று பஸ் ஏறுகிறவர்களை மட்டும் எண்ண வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் மறுநாள் காலை பெட்டிக்கடை ஓரம் நின்ற பதினொரு பேரிடமும் போய்க் கெஞ்சினேன். ஒரே ஒரு நாள் உள்ளே வந்து நில்லுங்கள், உங்களைக் கணக்கில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். பாதிப் பேர் தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள். கையில் டிபன் பை, முகத்தில் அவசரம். இருந்தாலும் என் வார்த்தைக்காக வந்தார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் வந்தது. மல்லப்பா வழக்கம்போல் பெட்டிக்கடைப் பக்கம் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. சரி என்று கியரை மாற்றி, எங்கள் எல்லோரையும் தாண்டிப் போயே போய்விட்டார். அடுத்த பஸ் முக்கால் மணி கழித்து. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒல்லியாக, நீலச் சேலையில் இருந்த பெண் மட்டும்தான் பேசினாள்.

“இனிமே நீங்க எங்க நிக்கச் சொல்றீங்களோ, அதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் மேடம் நாங்க நிப்போம்.”

பூஜ்யம்

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த இரண்டு நாளும் நிழற்குடைக்குள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் பஸ் ஏறவில்லை என்பதால் கணக்கில் சேர மாட்டார்கள், தாளில் பூஜ்யம் என்று எழுதினேன். கீழே ‘குறிப்பு’ என்று ஒரு காலி இடம் இருக்கும். ஜனங்கள் ஐம்பதடி தள்ளி நிற்கிறார்கள் என்று அங்கே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால், அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பதினொரு பேரை நான் பஸ்ஸைத் தவறவிட வைத்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். வெட்கமாக இருந்தது. காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து அடுகோடி சிக்னலில் வேறு ஒரு கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். டிபன் பையோடு வேகமாக நடந்து வந்த ஒரு பெண் என் நாற்காலி முன்னால் நின்றாள். நீலச் சேலைக்காரிதான். பெயர் அமுதா என்றாள். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி, ஓசூர் ரோட்டில் ஒரு தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். போன வாரத்திலிருந்து அந்தச் சின்ன பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்றாள். மெயின் ரோடு வரைக்கும் நடந்து, அங்கே வருகிற பஸ்ஸில் தொங்கி, இங்கே இறங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். எட்டே முக்காலுக்குக் கம்பெனி கேட் மூடிவிடும். இந்த வாரம் இரண்டு நாள் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். சூப்பர்வைசர் இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்றாராம். தெருக்காரர்கள் சேர்ந்து டிப்போவில் போய்க் கேட்டதற்கு, சர்வேயில் உங்கள் ஸ்டாப்பில் ஆளே இல்லை என்று வந்திருக்கிறது எனத் தாளைக் காட்டினார்களாம்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“நீங்க எழுதின தாள்ல நான் இல்லையாமே மேடம். அப்போ அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?”

அனுப்புவது

என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை, இன்னும் சில மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பெஞ்சில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் சோமசேகர் சாரிடம் போனேன். அவர்தான் எங்கள் இன்ஜினியர். மைசூர்க்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர், என்னிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நிழற்குடை, பெஞ்சு, மல்லப்பா, பூஜ்யம், காலியாக விட்ட குறிப்பு வரைக்கும். அவர் அந்தத் தாளைத் தேடி எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தார். அந்த மேப்பில் ஸ்டாப்பை நிழற்குடையில் குறித்தது தான்தான் என்றும், இதுவரை அந்தத் தெருவுக்குப் போனதில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். ‘தவறான கணக்கு’ என்று நான் தலைப்பு எழுதப் போனேன். பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

“தப்புன்னு தலைப்பு போட்டா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மறு ஆய்வுன்னு போட்டா, மறுபடி எண்ண உங்களைத்தான் அனுப்புவாங்க. உள்ள நடந்ததை எழுதுங்க, மேல மட்டும் மறு ஆய்வுன்னு இருக்கட்டும்.”

மறு ஆய்வு

ஓடாத பஸ்ஸுக்கு ஆள் எண்ணுவது எப்படி? மூளையைக் கசக்கிப் பார்த்து, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து போகிறவர்களை எண்ணுவது என்று முடிவாயிற்று. நானும் நயாஸும் பெட்டிக்கடைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டோம். எண்ணப்போகிறோம் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி. நான் அமுதாவிடம் மட்டும் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

ஆறே காலுக்கே தெரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு ஜனம் எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். கோடு போட்டுப் போட்டு விரல் வலித்தது. ஏழரை மணிக்கு நயாஸ் என் முழங்கையை இடித்தார். கறுப்புக் குடை வைத்திருந்த ஒருவரைக் காட்டி, இவர் இப்போது மூன்றாவது தடவை போகிறார் என்றார். நன்றாகப் பார்த்தேன். முதலில் வெள்ளைச் சட்டை, அடுத்தது கோடு போட்ட சட்டை, இப்போது டி-ஷர்ட், ஆனால் குடை ஒன்றேதான். பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பார்த்தால் இன்னும் பல தெரிந்த முகங்கள்.

ஒரு நிமிடம் தடுமாறினேன். கூட எழுதினால் பஸ் நிச்சயம் திரும்பி வரும். ஆனால் ஒரு பொய்த் தாளால் போனதை இன்னொரு பொய்த் தாளால் கொண்டுவந்தால், அடுத்த வருடம் வேறு ஒருத்தி வந்து எண்ணும்போது மறுபடியும் போய்விடும். எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அமுதாவைக் கூப்பிட்டு, இன்றைக்கு எண்ணியது செல்லாது, நாளைக்கு மறுபடியும் எண்ணுவேன், தினமும் போகிறவர்கள் மட்டும் தினமும் போகிற மாதிரி ஒரு தடவை போனால் போதும் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பழைய கணக்கு மாதிரி ஆகிவிடாதே என்று இரண்டு முறை கேட்டாள். மறுநாள் எண்ணியது, முந்தின நாளில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஒரு சின்ன பஸ்ஸுக்கு அது தாராளம். குறிப்பு என்ற இடத்தில் இந்த முறை இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

குடைக்காரரிடம் மட்டும் முதல் நாளே போய், ஏன் ஐயா இப்படி என்று கேட்டிருந்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“நான் தினம் மூணு தடவை நடக்கறவன்தான் மேடம். மத்த ரெண்டையும் சாயங்காலம் நடப்பேன். நீங்க இருக்கறப்பவே எல்லாத்தையும் முடிச்சுட்டேன்.”

யார் வீட்டு வாசல்

ஒரு மாதம் சோதனையாக பஸ்ஸை விடலாம் என்று உத்தரவு வந்தது. பஸ் நின்றுபோன மாதங்களில் நிழற்குடை, பெட்டிக்கடைப் பக்கமெல்லாம் கார் நிறுத்த ஆரம்பித்து, பஸ் திரும்ப இடமில்லாமல் போனதால் ஸ்டாப்பைத் தெருவுக்கு உள்ளே போட வேண்டும். எங்கே போடுவது என்று கேட்க, பள்ளிக்கூட அறையில் ஒரு கூட்டம் வைத்தோம். சின்னப் பிள்ளைகள் உட்கார்கிற பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். ஸ்டாப் உங்கள் வீட்டு வாசலில் வரலாமா என்றதும் அத்தனை கையும் இறங்கிவிட்டது. ஒருவர் வீட்டில் குழந்தை தூங்க வேண்டும். ஒருவர் வாசலில் கார் நிறுத்த வேண்டும். புதிதாக வந்த ஐடி தம்பதி, ஸ்டாப் பக்கத்தில் இருந்தால் வசதிதான், ஆனால் பக்கத்தில் என்றால் நாலு வீடு தள்ளி என்றார்கள். நாலு வீடு தள்ளி இருப்பவர், அதே போல் நாலு வீடு தள்ளச் சொன்னார். இப்படியே தள்ளித் தள்ளி ஸ்டாப் மறுபடியும் மெயின் ரோட்டுக்கே போய்விட்டது. சோமசேகர் சார் தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டார். முதன்முறையாகத் தெருவைப் பார்க்க வந்தவர், இதற்கு மேப்பே பரவாயில்லை என்பது போல என்னைப் பார்த்தார்.

அப்போது கடைசி பெஞ்சில் மாவு படிந்த தலையோடு இருந்த ஒருவர் எழுந்தார். தெருவில் மாவு மில் நடத்துகிறவர். யார் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பிறகு சொன்னார்.

“என் மில்லு வாசல்ல நிக்கட்டும். முப்பது வருஷமா மெஷின் சத்தத்துல எனக்குக் காது போச்சு. ஹார்ன் அடிச்சா எனக்கென்ன, அடிக்காட்டி எனக்கென்ன.”

ஒன்வே

ஸ்டாப் மில் வாசலுக்கு வந்ததால் பஸ் இனி கடைத்தெரு வழியாகத்தான் வெளியே போக முடியும், அதற்கு அந்தத் தெருவை ஒன்வே ஆக்கியே தீர வேண்டும். பலகை நட்டோம். ஒரு டிராபிக் கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள். முதல் இரண்டு நாள் கடைக்காரர்கள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் நீட்டி வைத்த கூடை, பலகை, பக்கெட் எதையும் ஒரு விரற்கடைகூட உள்ளே இழுக்க மாட்டோம் என்றார்கள். எதிர்த்திசையில் வந்த ஸ்கூட்டர்க்காரர்கள் கான்ஸ்டபிளைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து, அவரைத் தாண்டியதும் ஏறிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, திரும்ப இடம் போதுமா என்று பார்க்க மல்லப்பா காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார். பாதித் தெரு வந்தபோது எதிரே மேளச் சத்தம் கேட்டது. பூப் பல்லக்கோடு ஒரு சாவு ஊர்வலம், நேர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. பின்னால் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டதால் பஸ்ஸும் பின்வாங்க முடியாது. கான்ஸ்டபிள் என்னிடம் வந்து, இது உங்கள் பிளான், நீங்களே பேசுங்கள் என்று நழுவிவிட்டார்.

தயங்கித் தயங்கிப் போனேன். முன்னால் சட்டியோடு நடந்தவர் இறந்தவரின் தம்பி. ஐம்பது வயது இருக்கும். அழுது அழுது கண் சிவந்திருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு, இந்தத் தெரு இப்போது ஒருவழிப் பாதை, பக்கத்துச் சந்தில் திரும்பிச் சுற்றிக்கொண்டு போக முடியுமா என்று சொன்னேன். அதற்குள் மல்லப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றுகொண்டார். இரண்டு நாளாக அசையாத கடைக்காரர்கள் கூடையையும் பலகையையும் தாங்களாகவே உள்ளே இழுத்தார்கள். பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே பல்லக்கு போகிற அளவுக்கு வழி பிறந்தது. தம்பிக்காரர் என் மேல் கோபப்படவில்லை. அந்த அம்புக்குறிப் பலகையை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார்.

“எங்கண்ணன் திரும்பி வரப்போறதில்லம்மா. அவருக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒன்வேதான்.”

திருப்தி

ஒரு திங்கட்கிழமை காலை பஸ் திரும்பி வந்தது. மாவு மில் வாசலில் நானும் நயாஸும் தாளோடு காத்திருந்தோம். ஏறியது ஐந்தே பேர். அமுதா, அவளோடு தைக்கிற மூன்று பேர், ஜன்னலோரப் பெரியவர். மற்றவர்கள் இத்தனை மாதத்தில் வேறு வழி செய்துகொண்டுவிட்டார்கள். சிலர் கடனுக்கு ஸ்கூட்டி எடுத்துவிட்டார்கள், சிலர் ஷேர் ஆட்டோ பேசிவிட்டார்கள், பலர் இந்த பஸ் நாளைக்கும் வரும் என்று நம்பவில்லை. மாதக் கடைசியில் இப்படியே இருந்தால் பஸ் போய்விடும், இந்த முறை கணக்கும் நிஜமாகவே இருக்கும். எண்ணுகிறவள் யாரையும் ஏறச் சொல்லக்கூடாது. பெஞ்சில் உட்கார வைத்த அனுபவத்துக்குப் பிறகு எனக்கு அந்தத் தைரியமும் இல்லை.

அதன்பின் நடந்ததில் என் பங்கு ஒன்றுமில்லை. மல்லப்பா ஒவ்வொரு சந்து முனையிலும் நின்று இரண்டு முறை ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார். டயத்துக்கு வந்தார். ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தால் காத்திருந்தார். அமுதா சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய், எட்டரைக்கெல்லாம் கேட்டுக்கு முன்னால் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் இருக்கை நிறைந்தது. நான்காவது வாரம் நின்றுகொண்டு போனார்கள். பஸ்ஸை நிரந்தரமாக்கி உத்தரவு வந்த அன்று, சோமசேகர் சார் எனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கான ஒப்பந்தத் தாளையும் நீட்டினார். நல்லவேளை, வீட்டுக்கு அனுப்பவில்லை.

கடைசியாக ஒரு கேள்வித்தாள் பாக்கி இருந்தது. சேவை எப்படி இருக்கிறது, மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தி இல்லை. கூட்டத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அமுதாவிடம் கேட்டேன். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று ‘மிகவும் திருப்தி’யில் பேனாவைக் கொண்டுபோனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திருப்தின்னு மட்டும் எழுதிடாதீங்கக்கா. சனங்க சந்தோஷமா இருக்காங்க, இனி பஸ் எதுக்குன்னு மறுபடியும் நிறுத்திடுவாங்க.”

இந்த ஊரில் பஸ் விடுவதும் சுலபம், பலகை நடுவதும் சுலபம், அதில் போகிற மனுஷரை உள்ளது உள்ளபடி ஒரு தாளில் ஏற்றுவதுதான் பெரும்பாடு என்பதை, அந்தத் தாளை வைத்தே பிழைக்கிற நான் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.